வாசகர் கேள்வி–பதில்: பொறியியல் வகுப்பறையில் மெய்நிகர் உண்மை

கணினி உருவாக்கிய காட்சிக்குள்ளேயே நாம் இருப்பதுபோல் உணரவைக்கும், மாணவர்கள் வி.ஆர். என்று சுருக்கிச் சொல்லும் மெய்நிகர் உண்மையையும், நிஜக் காட்சியின் மேல் கணினிப் படத்தைச் சேர்த்துக் காட்டும், ஏ.ஆர். என்று சொல்லும் மிகை உண்மையையும் பொறியியல் கல்லூரிகளில் கற்பிப்பது குறித்த ஐயங்களை எழுதுமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். நீலகிரியிலிருந்து வந்த கடிதங்களே மிகுதி. கணினி வரைகலையை நெடுங்காலம் கற்பித்து, இப்போது இந்த மலையிலேயே ஓய்வுக்காலத்தைக் கழிப்பவன் என்ற முறையில், அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே விடை எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, வரும் பருவத்தில் இந்த விருப்பப் பாடத்தை நடத்தும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. மாணவர்கள் 46 பேர். தலையில் மாட்டிக் காட்சியைப் பார்க்கும் ஹெட்செட் இரண்டே இரண்டு. மேலும் வாங்கத் துறையில் நிதி இல்லை. எங்கிருந்து தொடங்குவது?
— உதவிப் பேராசிரியை, குன்னூர்

பதில்: அந்த இரண்டு ஹெட்செட்டுகளையும் முதல் நான்கு வாரங்களுக்குப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள். இதை நான் சொல்வதற்கு என் சொந்தத் தவறே காரணம். முதன்முதலில் இந்தப் பாடத்தை நடத்தியபோது, கருவிகள் வந்து இறங்கிய மறுநாளே ஒவ்வொரு மாணவருக்கும் அவற்றை மாட்டி, ரோலர் கோஸ்டரில் பாய்ந்து செல்லும் காட்சி ஒன்றைக் காட்டினேன். வகுப்பே ஆரவாரித்தது. இரண்டு மாணவியர் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் அந்தப் பருவம் முழுவதும் ஹெட்செட்டைத் தொடவே இல்லை. அதைவிடப் பெரிய இழப்பு மற்ற மாணவர்களிடம் நேர்ந்தது: இது பார்த்து வியப்பதற்கான பொருள் என்ற எண்ணம் முதல் நாளிலேயே அவர்களிடம் வேரூன்றிவிட்டது. பருவ இறுதியில் அவர்கள் கொண்டுவந்த புராஜெக்டுகள் இணையத்தில் எடுத்த முப்பரிமாண மாதிரிகளை அடுக்கி வைத்தவையாகவே இருந்தன. ஒரு மாணவர் உருவாக்கிய அறையின் கதவு மூன்று மீட்டர் உயரம் இருந்தது; அதை அவர் கவனிக்கவே இல்லை.

அடுத்த ஆண்டு அளவு நாடாவிலிருந்து தொடங்கினேன். தாங்களும் அப்படியே தொடங்க வேண்டுகிறேன். முதல் வாரத்தில், மாணவர்கள் தம் வகுப்பறையையே அளக்கட்டும்: கதவு, சன்னல், மேசை, மேசையின் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பது வரை. அளந்ததை முதலில் தாளில் வரைந்து, பிறகு முப்பரிமாண மாதிரிகளைச் செய்ய உதவும் பிளெண்டர் என்னும் இலவச மென்பொருளில் மீட்டர் கணக்கில் உருவாக்கட்டும். ஐந்தாவது வாரம் பீரோவைத் திறந்து, ஒரு மாணவருக்கு ஹெட்செட்டை மாட்டி, அவர் உருவாக்கிய மேசை உண்மையான மேசையின் மேல் சரியாகப் பொருந்தும்படி காட்சியை நிறுத்தி, கையை நீட்டி விளிம்பைத் தொடச் சொல்லுங்கள். கண் காணும் விளிம்பும் விரல் தொடும் விளிம்பும் ஒன்றாக இருந்தால் அந்த மாணவரின் முகத்தில் தோன்றும் மாற்றத்தை எந்த ரோலர் கோஸ்டர் காட்சியிலும் நான் கண்டதில்லை. இரண்டு சென்டிமீட்டர் விலகியிருந்தாலும் விரல் அதைக் கண்டுபிடித்துவிடும். எங்கே பிழை செய்தோம் என்று மாணவரே நாடாவை எடுத்துக்கொண்டு ஓடுவார்.

அதன்பின் அளக்கத் தகுந்த ஒரு பெரிய பொருளைக் கொடுங்கள். குன்னூரில் இருக்கும் தங்களுக்கு அதைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-இலும், உதகை வரை 1908-இலும் ஓடத் தொடங்கிய மலை ரயில் இருக்கிறது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் தண்டவாளங்களின் நடுவே பதிக்கப்பட்டிருக்கும் பல்சட்டத்தை, ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளரின் முறைப்படி அமைத்திருக்கிறார்கள். பல்சட்டங்கள் இரண்டு பக்கம் பக்கமாக ஓடும். ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றதன் இடைவெளி வரும். அதனால், இன்ஜினின் பற்சக்கரங்கள் எந்தக் கணத்திலும் ஏதோ ஒரு பல்லைப் பற்றியே இருக்கும். அந்த இன்ஜினுக்கு நான்கு சிலிண்டர்கள். உயர் அழுத்த நீராவி தண்டவாளத்தில் உருளும் சக்கரங்களை இயக்க, அதே நீராவி தாழ்ந்த அழுத்தத்தில் இரண்டாம் முறையாகப் பற்சக்கரங்களை இயக்குகிறது. நடைமேடையில் நின்று ஆயிரம் முறை பார்த்தாலும் இது கண்ணுக்குத் தெரியாது. எல்லாம் வண்டிக்கு அடியில் நடக்கிறது. ஓடும் இன்ஜினுக்கு அடியில் படுத்துப் பார்க்க எவராலும் இயலாது. மெய்நிகர் உண்மைக்குப் பொருத்தமான பாடப்பொருள் எது என்று மாணவர் கேட்டால், இப்படி நேரில் போக முடியாத இடத்தைத்தான் நான் காட்டுவேன். வகுப்பறையிலேயே நன்றாகப் பார்க்கக்கூடிய ஒரு நட்டையும் போல்ட்டையும் ஹெட்செட்டுக்குள் வைத்துக் காட்டுவதால் யாருக்கும் பயனில்லை.

இந்தப் பாதையின் மிகக் கடுமையான ஏற்றம் 12 மீட்டருக்கு ஒரு மீட்டர், அதாவது ஏறத்தாழ 4.8 பாகை. இதை மாதிரியில் அமைக்கும் மாணவர்கள் பெரும்பாலும் 20 பாகைக்கு மேல் சாய்த்துவிடுவார்கள். வண்டியில் போனபோது அவ்வளவு செங்குத்தாக இருந்தது என்பார்கள். நினைவு எப்படி மிகைப்படுத்துகிறது என்பதைச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது. ரயில்வே வளாகத்தில் படம் எடுக்கவும் அளக்கவும் நிலைய அதிகாரியிடம் முன்கூட்டியே எழுத்துமூலம் அனுமதி பெற்றுவிடுங்கள்.

கருவிகளின் எண்ணிக்கை பற்றிக் கவலை வேண்டாம். 46 பேரையும் 12 குழுக்களாகப் பிரித்து, குழுவுக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்தால், இரண்டு ஹெட்செட்டுகளைக் கொண்டு ஒன்றரை மணி நேரத்தில் அனைத்துக் குழுக்களும் தம் வேலையைச் சோதித்துவிடலாம். மற்ற நேரமெல்லாம் கைபேசி போதும். உலாவியிலேயே இயங்கும் ஏ-ஃபிரேம் என்ற நிரல் தொகுப்பில் எழுதினால், மாணவர் தம் கைபேசியிலேயே காட்சியைத் திறக்க முடியும். அட்டைப்பெட்டிக் கண்ணாடியில் கைபேசியைச் செருகினால் தலையைத் திருப்பிச் சுற்றிலும் பார்க்கலாம், ஆனால் நடந்து அருகில் போக முடியாது. விலை குறைந்த சில கைபேசிகளில், கைபேசி திரும்புவதை உணரும் ஜைராஸ்கோப் இருக்காது என்பதால், குழுவுக்கு ஒருவரிடமாவது அது உள்ள கைபேசி இருக்கிறதா என்பதை முதல் வாரத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் தமிழ் வழியில் படித்துவிட்டுப் பொறியியலுக்கு வந்தவன். இந்தப் பாடத்தில் அணிகளும் குவாட்டர்னியன் என்ற ஒன்றும் வருகின்றன. இத்தகைய காட்சிகளை உருவாக்க உதவும் யூனிட்டி மென்பொருளே எல்லாக் கணக்கையும் செய்துவிடும்போது, இதை நான் படித்துத்தான் ஆக வேண்டுமா?
— மூன்றாம் ஆண்டு மாணவர், கூடலூர்

பதில்: படிக்கத்தான் வேண்டும், ஆனால் நீங்கள் அஞ்சும் அளவுக்கு அதில் புதியது குறைவு. மேல்நிலை வகுப்பில் தமிழிலேயே படித்த அணிகளும் வெக்டர்களுமே இங்கே வேறு பெயரில் வருகின்றன. மென்பொருள் கணக்கைச் செய்யும் என்பது உண்மை. எந்தக் கணக்கைச் செய்ய வேண்டும் என்று அதற்குச் சொல்வது உங்கள் வேலை.

ஒரு தீப்பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதை முதலில் முன்பக்கமாக 90 பாகை கவிழ்த்து, பிறகு வலப்பக்கமாக 90 பாகை திருப்புங்கள். மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, அதே இரண்டு சுழற்சிகளை வரிசை மாற்றிச் செய்யுங்கள். பெட்டி வேறு நிலையில் வந்து நிற்கும். அணிகளின் பெருக்கலில் வரிசையை மாற்றினால் விடை மாறும் என்று படித்தீர்களே, அதன் உருவம் இதுதான். இனி, மூன்று கோணங்களைக் கொண்டு சுழற்சியைக் குறித்தால், நடுவில் வரும் கோணம் 90 பாகையை எட்டும்போது முதல் அச்சும் மூன்றாம் அச்சும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, ஒரு திசையில் திரும்பும் வழியே இல்லாமல் போகும். ஹெட்செட் அணிந்தவர் நேராக வானத்தைப் பார்க்கும் கணத்தில் காட்சி திடீரென்று சுழன்றுவிடுவதாக மாணவர்கள் சொல்லும் குறைக்குப் பல வேளைகளில் இதுவே காரணம்.

எத்தனை முறை எப்படித் திருப்பினாலும், முடிவு ஒரே ஓர் அச்சைச் சுற்றி ஒரே ஒரு கோணம் திருப்பியதற்குச் சமம் என்பது கணித மேதை ஆய்லர் காட்டிய உண்மை. அந்த அச்சையும் கோணத்தையும் நான்கு எண்களில் எழுதி வைப்பதே குவாட்டர்னியன். ஹாமில்டன் என்ற கணித அறிஞர் 1843-இல் கண்டறிந்தது. அதில் கோணத்தின் பாதியே வரும் என்பதை மட்டும் மறவாதீர்கள். செங்குத்து அச்சைச் சுற்றி 90 பாகை என்றால், 45 பாகையின் கோசைனும் சைனும், அதாவது 0.707 என்ற எண்ணே இரண்டு இடங்களில் வரும். மற்ற இரண்டும் சுழியம்.

அச்சைத் தேர்ந்தெடுப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை அறிய, விடுமுறை நாளில் உதகைக்கு அருகிலுள்ள முத்தொரைப் பக்கம் ஒருமுறை போய்வாருங்கள். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் அமைந்து, 1970 முதல் இயங்கிவரும் வானொலித் தொலைநோக்கி அங்கே மலைச்சரிவில் நீண்டு கிடக்கிறது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். பொதுவாக, வானில் நகரும் ஒரு பொருளைத் தொடர வேண்டுமானால் தொலைநோக்கியை இரண்டு அச்சுகளில், மாறிக்கொண்டே இருக்கும் வேகத்தில் திருப்ப வேண்டியிருக்கும். இங்கே, வடக்கு தெற்காக ஏறத்தாழ 11 பாகை சாய்ந்த ஒரு சரிவைத் தேடிப் பிடித்தார்கள். அந்த இடத்தின் அட்சரேகையும் ஏறத்தாழ அதே 11 பாகை. ஆகவே, சரிவின் மேல் படுத்திருக்கும் தொலைநோக்கியின் நீள அச்சு பூமி சுழலும் அச்சுக்கு இணையாகிவிட்டது. ஒரே அச்சைச் சுற்றிச் சீரான வேகத்தில் திருப்பினாலே விண்பொருளை மணிக்கணக்கில் தொடரலாம். நீங்கள் கணினியில் ஒரு பொருளுக்கு எந்த ஆயத்தொலைவு அச்சுகளைத் தேர்ந்தெடுப்பது என்று யோசிக்கிறீர்களே, அதே கேள்விக்கு அவர்கள் ஒரு மலையையே விடையாகத் தேர்ந்தெடுத்தார்கள். இதை மெய்நிகர் காட்சியாக்கி, பூமியைச் சிறிதாக்கிக் கையில் வைத்துச் சுழற்றிக் காட்டும் புராஜெக்டை நீங்களே செய்யலாம். உங்கள் பின்னால் வரும் தமிழ் வழி மாணவர்களுக்காக விளக்கங்களைத் தமிழிலேயே எழுதிச் சேர்த்தால் நான் மிகவும் மகிழ்வேன்.

கேள்வி: தொட்டபெட்டாவில் நின்று கைபேசியை உயர்த்தினால் சுற்றியுள்ள முகடுகளின் பெயர்கள் திரையில் தெரியும்படி ஓர் ஏ.ஆர். செயலி செய்தோம். பெயர்கள் முகட்டை விட்டு விலகி நிற்கின்றன. தேயிலைத் தோட்டத்தில் ஒரு செடியின் மேல் வைத்த குறிப்போ மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது. இரண்டுக்கும் ஜி.பி.எஸ். பிழைதான் காரணமா?
— இறுதியாண்டு மாணவர்கள், உதகை

பதில்: இல்லை, இரண்டுக்கும் காரணங்கள் வேறு. நிஜமும் மெய்நிகரும் கலந்திருக்க வேண்டும், உடனுக்குடன் இயங்க வேண்டும், முப்பரிமாணத்தில் இடம் பொருந்த வேண்டும் என்று மிகை உண்மைக்கு மூன்று இலக்கணங்களை ரொனால்ட் அசுமா என்ற ஆய்வாளர் 1997-இல் வகுத்தார். உங்களைப் படுத்துவது மூன்றாவது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜி.பி.எஸ். 5 மீட்டர் தவறினால், 20 மீட்டர் தொலைவிலுள்ள மரம் 14 பாகை தள்ளித் தெரியும். 500 மீட்டருக்கு அப்பாலுள்ள பாறையோ அரைப் பாகைக்குச் சற்று அதிகமாக மட்டுமே தள்ளும். தொலைவிலுள்ள முகடுகளுக்கு இடப்பிழை ஒரு பொருட்டே அன்று. அங்கே கெடுப்பது கைபேசியின் திசைகாட்டி. அது 10 பாகை தவறினால், 500 மீட்டரில் 88 மீட்டர் விலகிவிடும். காட்சி முனையின் இரும்புக் கம்பியில் சாய்ந்து நின்றாலும், கைபேசி உறையில் காந்தம் இருந்தாலும் அவ்வளவு தவறு வருவது எளிது. தெரிந்த முகடு ஒன்றின் பெயரைப் பயனரே விரலால் இழுத்துச் சரியான இடத்தில் வைக்கும்படி செய்யுங்கள். அந்தத் திருத்தக் கோணத்தை மற்ற எல்லாப் பெயர்களுக்கும் கூட்டிவிட்டால் போதும்.

தேயிலைச் செடியின் கதை வேறு. அருகிலுள்ளவற்றைக் கைபேசி தன் கேமராப் படத்திலுள்ள புள்ளிகளைத் தொடர்ந்தே இடம் காண்கிறது. அந்தப் புள்ளிகள் அசையாமல் நிற்கும், ஒன்றுக்கொன்று வேறுபட்டுத் தெரியும் என்பவை அந்தக் கணக்கின் அடிப்படைகள். தேயிலை இலைகள் ஒன்றைப்போலவே ஒன்று இருக்கும், காற்றில் அசையும், மூடுபனி இறங்கினால் ஒளி வேறுபாடும் மங்கிவிடும். மூன்று வகையிலும் கருவியை ஏமாற்றும் காட்சி அது. குறிப்பைச் செடியின் மேல் நிறுத்தாமல், பக்கத்திலுள்ள சில்வர் ஓக் மரத்தின் அடித்தண்டிலோ, கற்சுவரிலோ, நீங்களே நட்ட ஒரு குறியட்டையிலோ நிறுத்தி, அங்கிருந்து செடிக்குள்ள தொலைவை அளந்து சேருங்கள். தொடங்கும்போது கைபேசியை ஒரே இடத்தில் நின்று திருப்பாமல், பக்கவாட்டில் ஓர் அடி நகர்த்துங்கள். இரண்டு இடங்களிலிருந்து பார்த்தால்தான் ஆழம் புலப்படும்.

கேள்வி: என் மகள் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். இந்தப் பாடத்தை எடுப்பேன் என்கிறாள். வீடியோ கேமுக்கான படிப்பு என்று உறவினர்கள் சொல்கிறார்கள். எடுக்க விடலாமா?
— சிறு தேயிலை விவசாயி, கோத்தகிரி

பதில்: எடுக்கட்டும். தலையில் அணியும் காட்சிக் கருவியை 1968-இலேயே ஐவன் சதர்லாண்ட் என்ற கணினி அறிஞர் செய்துகாட்டினார். மிகை உண்மை என்ற பெயரே 1990-களின் தொடக்கத்தில் போயிங் விமானத் தொழிற்சாலையில், கம்பிகளைப் பிணைக்கும் தொழிலாளிக்கு உதவும் வழியைத் தேடியபோது பிறந்தது. தாங்கள் பசுந்தேயிலை கொடுக்கும் ஆலையில், இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. இயந்திரத்தைப் பார்த்திருப்பீர்கள், பல் வெட்டிய இரண்டு உருளைகள், ஒன்று மற்றதைவிடப் பல மடங்கு வேகமாகச் சுழலும். புதிதாக வேலைக்கு வருபவர் எந்த இடத்தில் கை வைக்கக் கூடாது என்பதை ஓடும் இயந்திரத்தில் கற்பதைவிட மெய்நிகர் இயந்திரத்தில் கற்பது எவ்வளவோ மேல். அப்படிப்பட்ட ஒன்றைச் செய்ய, இயந்திரத்தை அறிந்த மெக்கானிக்கல் மாணவியே வேண்டும். இயந்திர வடிவமைப்பு போன்ற அடிப்படைப் பாடங்களைக் குறைத்துக்கொண்டு இதை எடுக்க வேண்டாம், அவற்றோடு சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். வேலை உறுதி என்று நான் வாக்களிக்க மாட்டேன். அப்படி வாக்களிப்பவரை நம்பவும் வேண்டாம்.

கேள்வி: ஹெட்செட் அணிந்ததும் சில மாணவர்களுக்குக் குமட்டல் வருகிறது. காலை வகுப்பில் ஹெட்செட்டின் லென்ஸும் மூடுபனி படிந்தது போல் ஆகிவிடுகிறது. என்ன செய்யலாம்?
— ஆய்வக உதவியாளர், அரவங்காடு

பதில்: கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்தில் புத்தகம் படித்தவருக்கு என்ன ஆகும் என்று தங்களுக்குத் தெரியும். உள்காது அசைவை உணர்கிறது, கண்ணோ அசையாத எழுத்தைப் பார்க்கிறது. ஹெட்செட்டில் இது தலைகீழ்: கண் அசைவைப் பார்க்கிறது, உடல் நாற்காலியில் இருக்கிறது. ஆகவே, காட்சிக்குள் வழுக்கிக்கொண்டு நகரும் முறையை மாணவர்கள் தவிர்க்க வேண்டும். சுட்டிய இடத்துக்குத் தாவும் முறையோ, சொந்தக் காலால் நடக்கும் முறையோ நல்லது. தலை திரும்பியதற்கும் படம் மாறுவதற்கும் இடையிலான தாமதம் 20 மில்லி விநாடிக்குள் இருக்க வேண்டும் என்பது இத்துறையில் பரவலாக ஏற்கப்பட்ட இலக்கு. நொடிக்கு 90 படங்கள் என்றால், ஒரு படத்தை வரைய 11 மில்லி விநாடிதான் கிடைக்கும். தேவையற்ற நுணுக்கங்களை மாதிரியில் ஏற்றி அந்த வேகத்தைக் கெடுக்கும் மாணவர், அதை அணியும் நண்பரின் வயிற்றைக் கெடுக்கிறார் என்று நேரடியாகவே சொல்லுங்கள்.

முதல் முறை உட்கார்ந்தபடி, ஐந்து நிமிடம் போதும். கண்மணிகளுக்கு இடையிலான தூரம் பெரியவர்களுக்குச் சராசரியாக 63 மில்லிமீட்டர். ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், லென்ஸ் இடைவெளியை ஒவ்வொருவருக்கும் திருத்துங்கள். வலிப்பு நோய் உள்ளவர்கள் மருத்துவர் ஒப்புதலின்றி அணியக் கூடாது. வேண்டாம் என்று சொல்லும் மாணவரை வற்புறுத்தவே கூடாது. அவருக்குத் திரையில் பார்த்துச் செய்யும் பணியைக் கொடுங்கள்.

லென்ஸில் படிவது முகத்தின் வெதுவெதுப்பிலிருந்து எழும் ஈரம். வகுப்புக்கு அரை மணி முன்பே கருவியை இயக்கி வைத்தால் லென்ஸ் சூடேறிவிடும். இரவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய பெட்டியில் வையுங்கள். ஈரம் காயட்டும் என்று சன்னலோர வெயிலில் மட்டும் வைத்துவிடாதீர்கள். உட்புற லென்ஸ் சூரிய ஒளியைக் குவித்துத் திரையைப் பொசுக்கிவிடும். அப்படிப் பாழான ஒரு கருவியை நானே பார்த்திருக்கிறேன். தலையில் எண்ணெய் தடவிவரும் மாணவர்களுக்காக, துவைத்துப் பயன்படுத்தக்கூடிய பருத்தி உறைகள் சிலவற்றைத் தைத்து வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: நீலகிரியின் தோடர் பழங்குடியினர் வாழும் குடியிருப்பான மந்து ஒன்றைச் சுற்றிலும் படமெடுத்து, கோயில் உட்பட, வி.ஆர். காட்சியாக்க விரும்புகிறோம். பண்பாட்டைப் பாதுகாத்ததாக ஆகும் அல்லவா?
— மாணவியர் குழு, உதகை

பதில்: உங்கள் நோக்கத்தை மதிக்கிறேன். ஆனால், தோடர்களின் பால்மனைக் கோயில்களுக்குள் வெளியார் நுழைவதை அவர்களின் வழக்கம் ஏற்பதில்லை. கால் நுழையக் கூடாத இடத்தில் கேமரா நுழைவதும், அந்தக் காட்சிக்குள் எவர் வேண்டுமானாலும் ஹெட்செட் அணிந்து நடமாடுவதும் நுழைவதேயாகும். முதலில் மந்தின் பெரியவர்களைப் பாருங்கள். எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது, கோப்பு யாரிடம் இருக்கும் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். அவர்கள் மறுத்தால் வேறு தலைப்புக்கு மாறுங்கள்.

கேள்வி: இந்தப் பாடத்துக்கு மதிப்பெண் போடுவது எப்படி? பளபளப்பான காட்சி செய்தவருக்கே தேர்வாளர்கள் அள்ளிக்கொடுக்கிறார்கள்.
— துறைத் தலைவர், உதகை

பதில்: அகமதிப்பீட்டில் பாதியைப் பிழைக் குறிப்பேட்டுக்கு ஒதுக்குங்கள். உண்மையில் அளந்த நீளம், மாதிரியில் உள்ள நீளம், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, அந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்ற விளக்கம் ஆகியவற்றை மாணவர் வாரந்தோறும் கையால் எழுதட்டும். பிழை சுழியம் என்று எழுதுபவரின் குறிப்பேட்டை நான் நம்புவதில்லை. 14 மில்லிமீட்டர் என்று எழுதி, நாடா தொய்ந்ததால் 5, மூலையைத் தவறாக எடுத்ததால் 9 என்று பிரித்துக் காட்டியவருக்கு முழு மதிப்பெண் கொடுத்திருக்கிறேன்.

வாய்மொழித் தேர்வில் இன்னொன்று செய்து பாருங்கள். ஒரு குழுவின் காட்சியை மற்றொரு குழு அணிந்து, கையிலுள்ள கட்டுப்பாட்டுக் கருவியால் மூன்று இடங்களை அளந்து சொல்லட்டும். செய்த குழு தன் குறிப்பேட்டைத் திறந்து அதை ஒப்பிடட்டும். மலை ரயில் மாதிரி என்றால், பல்சட்டத்தின் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் உள்ள தூரம், இரு தண்டவாளங்களின் இடைவெளி, பாதையின் சாய்வு ஆகிய மூன்று. தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர் என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்த ஒன்றையாவது தேர்வாளர் தாமே ஹெட்செட்டை அணிந்து அளந்து பார்த்த பிறகு மதிப்பெண் பட்டியலில் கையெழுத்திடச் சொல்லுங்கள்.